சல்லடைக்குத் தெரிந்த கணக்கு

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கிக்குள் நுழைந்தால் முதலில் மூக்குதான் விழித்துக்கொள்ளும். கண் பழகச் சற்று நேரமாகும். பழகியபின் தெரிவது, தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஆளுக்கொரு முறம், நடுவே பச்சைக் குவியல். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் என்று விரல்கள் தாமாகவே பொறுக்கிப் போடுகின்றன. சற்றுத் தள்ளிச் சல்லடை. அதன் துளை 8 மி.மீ. விழாமல் மேலே நின்ற காய்க்கு ஒரு விலை. விழுந்த காய் அடுத்த சல்லடைக்குப் போகும். அதன் துளை 7 மி.மீ., அதற்கடுத்தது 6. வியாபாரிகள் ‘எட்டு எம்எம் போல்டு’ என்று சொல்லும் காய்க்கும் அதற்கு ஒரு மில்லிமீட்டர் இளைத்த காய்க்கும் நடுவே கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் வித்தியாசம் விழுவதுண்டு.

சல்லடையை ஆட்டுகிறவர் எதையும் அளப்பதில்லை. அளவு துளையில் இருக்கிறது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு பட்டறையில், ஒருமுறை கணக்காக அந்தத் துளையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மில்லிமீட்டரைப் பற்றி ஒன்றும் அறியாத கையும் மில்லிமீட்டர் பிசகாமல் வேலை செய்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் மே மாதத்தில், போடியிலும் தேவாரத்திலும் ராசிங்காபுரத்திலும் சில்லமரத்துப்பட்டியிலும் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும். “இவனுக்குக் கணக்கு சுத்தமா வராதுண்ணே. ஆனா மிக்ஸி, மோட்டாரு எதக் குடுத்தாலும் பிரிச்சு மாட்டிருவான். என்ன படிக்க வைக்கலாம்?” மகள் என்றாலும் இதே கேள்விதான். விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக வரும். ஒன்று, மில்லுக்குப் போகட்டும். இரண்டு, விடிகாலையில் போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் மற்றவர்களோடு ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்கு வரட்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: இயந்திரங்களைப் பொருத்தும் வேலை, ‘அசெம்பிளி’, ‘லைன் வேலை’ என்று நம் பிள்ளைகள் சொல்வது. கணக்குப் பிடிக்காதவருக்கு அது ஏற்றதா? எந்த வேலை ஏற்றது, எது ஏற்றதல்ல? உள்ளே போனபின் கணக்கு உண்மையிலேயே விட்டுவிடுமா? இந்த மூன்றையும் ஒருங்கே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் கருவிக்குள் குடிபோன கதை

பழைய காலத்தில் இயந்திரம் செய்வது என்றால் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இணைக்குத் தக்கபடி அரத்தால் ராவி ராவிச் சேர்ப்பது. ஒரு துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்ட முடியாது. பொருத்துகிறவரே அளந்தார், அவரே கழித்தார், அவரே கூட்டினார். எந்தப் பாகத்தை எடுத்தாலும் எதிலும் பொருந்தவேண்டும் என்ற எண்ணம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேரூன்றியபோதுதான் இந்த நிலை மாறியது. பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் வந்துவிட்டால் பொருத்துகிறவருக்கு அளக்கும் வேலை இல்லை. 1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை, காரின் அடிச்சட்டத்தை நகர்த்திக்கொண்டே போய் ஆளுக்கொரு பாகமாகச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. அந்த வேகத்துக்கு அடியில் இருந்தது, ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டியே சோதித்து அனுப்பிய அளவுகோல்கள்.

அந்த அளவுகோல்களில் ஒன்றை இன்றும் எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்கலாம்: ‘கோ - நோகோ கேஜ்’. இரண்டு முனை உள்ள ஒரு எஃகுத் தண்டு. ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. முதல் முனை போகாவிட்டால் துளை சிறிது. இரண்டாவதும் போய்விட்டால் துளை பெரிது. துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பது சோதிப்பவருக்குத் தேவையே இல்லை. போடிக் கிட்டங்கியில் அடுத்தடுத்த இரண்டு சல்லடைகள் சேர்ந்து செய்வது இதே சோதனைதான். ஏழில் நின்று எட்டில் விழுந்த காய், இரண்டுக்கும் இடைப்பட்ட காய்.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இதை இன்னொரு படி கொண்டுபோனார். 1961இல் யமாதா எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தும் வேலை நடந்தது. உள்ளே இரண்டு ஸ்பிரிங் வைக்கவேண்டும். அவ்வப்போது யாராவது ஒன்றை மறந்துவிடுவார்கள். திட்டியும் பார்த்தார்கள், எச்சரித்தும் பார்த்தார்கள். ஷிங்கோ ஒரு சிறு தட்டை வைத்தார். முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து. முடித்தபின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்துவிட்டாய் என்று பொருள். இரண்டு வரைக்கும் எண்ணும் பொறுப்பைக்கூட ஆளிடமிருந்து வாங்கித் தட்டிடம் கொடுத்தாயிற்று. இந்த வகை ஏற்பாட்டுக்குத்தான் ‘போகா யோகே’ என்ற பெயர் நிலைத்தது. இன்று ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லைனில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஜப்பானியச் சொல் தெரியும்.

ஆக, பொருத்தும் வேலையின் நூறாண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்வதானால், பொருத்துகிறவரின் தலையிலிருந்து எண்ணை இறக்கிக் கருவியில் ஏற்றிய வரலாறு. கணக்குப் பிடிக்காதவருக்கு அதில் இடம் உண்டு என்பதன் காரணம் இதுவே. அந்த இடம் எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு கேள்வி.

வேலைகளை அடுக்கிப் பார்த்தால்

எண்ணின் நெருக்கம் எவ்வளவு என்பதை வைத்துப் பொருத்தும் வேலைகளை ஏணிபோல அடுக்கலாம்.

கீழ்ப்படியில் இருப்பவை மின்னணுப் பொருள்களின் லைனும் வாகனங்களுக்கான வயர் கட்டும் வேலையும். வயர் கட்டுவதற்கு ஆளுயரப் பலகை இருக்கும். அதில் ஆணிகள்; எந்த வயர் எந்த வழியாகப் போகவேண்டும் என்பது பலகையிலேயே வரைந்திருக்கும். சிவப்பு இங்கே, மஞ்சளில் கறுப்புக்கோடு அங்கே. இந்த வேலைக்குக் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைவிட நிறப் பார்வை முக்கியம். பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாதவர் கணக்கில் நூறு வாங்கியிருந்தாலும் இங்கே நிற்பது கடினம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது பல மாவட்டத்துப் பெண் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தது இத்தகைய லைனில்தான். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், விரல் நுணுக்கம் கேட்கும் இந்த வேலைகளுக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த படி, கார், பைக், ஏசி, வாஷிங் மெஷின் பொருத்துவது. இங்கே நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது ஒரு எண். ஆனால் அந்த எண்ணைப் பொறியாளர் கருவியில் ஏற்றிவிடுகிறார். டார்க் ரென்ச்சை இழுத்துக்கொண்டே வந்தால் உரிய இறுக்கத்தில் ‘டிக்’ என்று ஒரு தட்டல் கைக்குக் கேட்கும். மின்சாரக் கருவியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஐந்து நட்டில் ஒன்றை விட்டுவிட்டால் லைன் நகராது. காதும் மணிக்கட்டும் சரியாக இருந்தால் போதும்.

மூன்றாம் படி, கோவைப் பக்கத்துப் பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் பட்டறைகள். இங்கே எண் லேசாக எட்டிப் பார்க்கிறது. மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்பது முக்கியம். சுற்றை எண்ண மிஷினில் கவுண்டர் இருக்கும். ஆனாலும் எந்த மோட்டாருக்கு எத்தனை என்பதைப் படித்து ஏற்றவேண்டியது ஆள்தான். பேரிங் சேர்க்கும்போது ‘டைட்’, ‘லூஸ்’ என்று கை உணர்ந்துவிடும். அதை மேஸ்திரியிடம் சொல்லும்போது மைக்ரோமீட்டர் வந்துவிடும். அது காட்டும் மிகச் சிறிய அளவு 0.01 மி.மீ.

நான்காம் படி, ஃபிட்டர் வேலையும் ஆலைகளில் இயந்திரங்களை நிறுவிப் பராமரிக்கும் வேலையும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைகளுக்கு இது உயிர்நாடி. இயந்திரம் மட்டமாக நிற்கிறதா, இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா, இடைவெளி எவ்வளவு என்பதற்கெல்லாம் டயல் கேஜும் ஃபீலர் கேஜும் பதில் சொல்லும். அந்தப் பதிலை ஆள் கூட்டிக் கழித்தாக வேண்டும். எண்ணைக் கருவியிடம் முழுக்க ஒப்படைக்க இங்கே வழியில்லை.

மேல்படியில், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி மிஷினுக்கு ‘செட்டிங்’ போடுகிறவர். அவர் நாள் முழுக்கப் பேசுவதே எண்ணோடுதான். கணக்கை வெறுப்பவர் அந்தப் பக்கம் போவது வேண்டாம். அந்த மிஷினில் பாகத்தை வைத்துப் பொத்தானை அழுத்தி எடுக்கிற ஆபரேட்டர் வேலை வேறு. அது இரண்டாம் படிக்குச் சமம்.

இந்த ஏணியில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கீழ்ப்படியில் கருவி எண்ணைச் சுமக்கிறது, ஆள் வேகத்தைச் சுமக்கிறார். மேலே போகப் போக ஆள் எண்ணைச் சுமக்கிறார், வேகம் அவரை விட்டுவிடுகிறது. கீழே எட்டு மணி நேரமும் நின்ற இடத்தில், கன்வேயர் சொன்ன வேகத்தில், ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்யவேண்டும். ஃபிட்டருக்கு நின்று யோசிக்க நேரம் கொடுப்பார்கள். கணக்கைத் தவிர்ப்பதற்கு விலை இருக்கிறது. அந்த விலையைக் காலும் தோளும் கட்டுகின்றன.

பயம் எதன் மீது?

‘கணக்கு வராது’ என்பதில் குறைந்தது மூன்று வகை உண்டு.

ஒரு சிலருக்கு எண்ணின் அளவை மனத்தில் பிடிப்பதே இயல்பாகக் கடினம். டிஸ்கால்குலியா என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் இந்தக் கற்றல் குறைபாட்டை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சோம்பலோ திமிரோ இதற்குக் காரணமல்ல. இத்தகைய பிள்ளைகள் முதல் இரண்டு படிகளில் நன்றாகவே நிலைப்பார்கள்.

வேறு சிலருக்குக் கணக்கு வரும், பயமும் கூடவே வரும். கரும்பலகை முன்னால் நிற்கவைத்து வாங்கிய அடி, வகுப்பே சிரித்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து, எண்ணைப் பார்த்ததும் மூளையின் பாதி இடத்தைப் பயம் பிடித்துக்கொள்ளும். கணக்குப் போட மீதிப் பாதிதான் மிஞ்சும்.

மூன்றாம் வகையினர்தான் போடிப் பக்கத்தில் அதிகம் என்பது என் கணிப்பு. இவர்களுக்குக் கையில் கணக்கு உண்டு, தாளில் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் காய்கனி விற்ற சிறுவர்களை வைத்து 1985இல் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98ஐச் சரியாகச் சொன்ன சிறுவர்கள், அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37ஐ மட்டுமே சரியாகப் போட்டார்கள். மலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணிடமும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ என்பது அவருக்குத் தெரியும். இருபது கிலோ எடுத்த நாளில் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து வெளியே வருவது எவ்வளவு என்று கேட்டால் நடந்துகொண்டே நாலு என்பார். விகிதக் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டால் ‘நமக்கு அதெல்லாம் தெரியாதுப்பா’ என்பதே பதில்.

நம் பட்டறைகளிலும் இப்படி ஒரு கணக்கு மொழி உயிரோடு இருக்கிறது. தச்சரும் கொத்தனாரும் வெல்டரும் ‘ரெண்டு நூல் கம்பி’, ‘ஒரு நூல் இறக்கு’ என்று பேசுவார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. பழைய தமிழ்க் கணக்கில் அரைக்கால். அதிலும் பாதி மாகாணி. மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு நூல் 3.175. ஏலக்காய்ச் சல்லடையின் 8 மி.மீ. துளை ஏறத்தாழ இரண்டரை நூல். பின்னம் என்றதும் நடுங்கும் பையன், ‘இரண்டரை நூல் துளை போடு’ என்றால் தயங்காமல் போடுகிறான். பின்னத்தோடு அவனுக்குச் சண்டையில்லை; கோடு போட்டு மேலே ஒன்று கீழே எட்டு என்று எழுதுவதோடுதான் சண்டை.

வாசலில் நிற்கும் எண்

வேலைக்குள் எண் குறைவு என்றாலும் வேலைக்குப் போகும் வாசலில் எண் நிற்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் தேர 35 மதிப்பெண் வேண்டும். கணக்கும் அதில் ஒரு தாள். ஐடிஐயில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. கணக்கில் தவறியவர்களுக்கும் கதவு உண்டு. வெல்டர், வயர்மேன், ஷீட் மெட்டல், கார்பென்டர் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம். வெல்டர் படிப்பு ஓராண்டுதான். பொருத்தும் தொழிற்சாலைகளில் வெல்டருக்கு எப்போதும் இடமிருக்கும்.

உள்ளே போனபின், கைவேலைப் பயிற்சியோடு ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ என்ற பணிமனைக் கணக்கும் பொறியியல் வரைபடமும் காத்திருக்கும். பின்னம், சதவீதம், வர்க்கமூலம், பரப்பளவு, கொஞ்சம் முக்கோணவியல். கணக்கைத் தப்பித்து வந்ததாக நினைத்த பிள்ளைக்கு இது அதிர்ச்சி. முதல் ஆண்டிலேயே சிலர் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பள்ளிக் கணக்குக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே எண்ணுக்கு உடம்பு இருக்கிறது. 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் ஒரு கோடு இன்னொரு கோட்டோடு சேரும் இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அளவைச் சொல்லவேண்டும். நல்ல பயிற்றுநர் கையில் கிடைத்தால், பள்ளியில் பத்தாண்டு வராத தசமப் புள்ளி வெர்னியரைப் பிடித்த பத்து நாளில் வந்துவிடும். கருவியைக் கையில் கொடுக்காமல் கரும்பலகையில் எழுதிப்போடும் பயிற்றுநர் கிடைத்தால் பழைய பயம் புதிய கட்டடத்தில் தொடரும்.

செலவைப் பொறுத்தவரை இன்று தடை குறைவு. அரசு ஐடிஐகளில் கட்டணமின்றிப் படிப்பதோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புது இயந்திரங்களோடு மேம்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு கையிலெடுத்தது. ரோபோவும் சிஎன்சியும் வகுப்பறைக்கு வந்துவிட்டன. அவற்றோடு ஏணியின் மேல்படி எண்களும் வந்திருக்கின்றன. கணக்குக்கு அஞ்சும் பிள்ளைக்கு ரோபோவைக் காட்டுமுன் வெர்னியரைக் கொடுப்பது நல்லது.

மலையடிவாரத்தில் என்ன இருக்கிறது?

இயந்திரம் போடிக்குப் புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பே மூணாற்றின் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்ப வந்தது. இப்போது வாரம் மூன்று நாள் போடியில் ஏறினால் சென்னையில் இறங்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி.

ஊரை விட்டுப் போக விரும்பாதவருக்கு மலையே வேலை தருகிறது. ஏலத்தோட்டம் என்பது இயந்திரங்களால் சூழ்ந்த தோட்டம். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், தண்ணீர் ஏற்றும் மோட்டார், காயைக் கழுவும் மிஷின், உலர்த்தும் ஸ்டோர், காம்பு நீக்கும் மிஷின், பல அடுக்குச் சல்லடை. கேமரா வைத்து நிறம் பார்த்துக் காற்றை அடித்துக் காயைப் பிரிக்கும் மிஷினும் ஏலக்காய் வணிகத்துக்குள் வந்துவிட்டது. முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது நல்ல செய்தியல்ல. ஆனால் அந்த மிஷினைப் பொருத்தவும் துடைக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். ‘இந்தக் காய் தேறும், இது தேறாது’ என்று இருபது ஆண்டாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மிஷின் சரியாகப் பிரிக்கிறதா என்பதைச் சொல்ல எந்தக் கணக்கும் தேவையில்லை. அப்பெண்களையே மிஷினுக்குப் பொறுப்பாளராகப் பழக்கினால் என்ன என்று வியாபாரிகள் யோசிக்கவேண்டும்.

இந்த ஊர் மலையில் ஒரு பேரியந்திரத்தைப் பொருத்தும் திட்டமும் இருந்தது. பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே ஏறத்தாழ 29,000 கண்ணாடி உணர்கருவிகளைச் செருகும் வேலை அது. காட்டையும் நீரையும் பற்றிய அச்சத்தால் எதிர்ப்பு எழுந்தது; தமிழக அரசும் இசையவில்லை; வேலை நடக்கவில்லை. சரி தவறு இங்கே பேச்சில்லை. ஆனால் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘இது விஞ்ஞானிகள் வேலை, நம்ம பிள்ளைகளுக்கு இதில் என்ன’ என்ற பேச்சும் எழுந்தது. உலகின் மிக நுட்பமான இயற்பியல் கருவியிலும் எண்ணைப் போடுகிறவர் சிலர், தகட்டைத் தூக்கி வைத்து போல்ட் முறுக்குகிறவர் பலர்.

சம்பளச் சீட்டில் இருக்கும் கணக்கு

இதுவரை சொன்னதில் கணக்கைத் தவிர்க்க வழி இருந்தது. தவிர்க்கவே முடியாத ஒரு கணக்கு உண்டு. அதைப் போட எந்தக் கருவியும் லைனில் இல்லை.

ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 26 நாள் வேலை, நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 86 ரூபாய் 50 காசு. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அதாவது மணிக்கு 173. மாதத்தில் 10 மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் 1,730 ரூபாய் வரவேண்டும். சீட்டில் 865 என்று இருந்தால் பாதி எங்கோ போய்விட்டது. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்கு, இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், 18,000த்துக்கு 135 ரூபாய். இவற்றுக்கு மேல் ‘இதர பிடித்தம்’ என்று ஒரு வரி இருந்தால் அது என்ன என்று கேட்கவேண்டும்.

கணக்கு வராது என்று லைனுக்கு வந்த பிள்ளை இந்தச் சீட்டைப் பார்ப்பதில்லை. வங்கியில் விழுந்த மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். விடுதிக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு கழிகிறது என்பது பலருக்குப் புரியாது. லைனில் எண்ணைச் சுமக்காதவரின் தலையில், வேறு யாரோ தமக்கு வசதியான எண்ணை ஏற்றிவிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நின்றார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் ஒரு கோரிக்கை. கூலியும் வேலை நேரமும் மற்றவை. கூலியும் நேரமும் எண்களே. பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவேண்டிய நாளில் கணக்குத் தெரிந்தவர் தம்மோடு இருக்கவேண்டும் என்பது எந்தத் தொழிலாளிக்கும் புரியும்.

பதவியும் அப்படியே. லைனில் நல்ல கைக்காரி என்று பெயர் வாங்கிய பெண் லீடர் ஆவதற்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பொருத்தினோம், எத்தனை கழிவு, சதவீதம் என்ன என்பதைப் பலகையில் எழுதவேண்டியிருக்கும். அந்தச் சதவீதத்துக்குப் பயந்தே மூன்றாண்டு, நான்காண்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கல்யாணம் என்றதும் ஊருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. கை அவரிடம் இருந்தது. தடுத்தது சதவீதக் கணக்கு.

எவ்வளவு போதும்?

எனவே ‘கணக்கு வராதவனுக்கு என்ன வேலை’ என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்ல முடியாது. எண்ணின் அளவே பிடிபடாதவருக்கு வயர் கட்டுவது, மின்னணு லைன், வாகன அசெம்பிளி எல்லாம் தகுந்தவை. நிறப் பார்வையைச் சோதித்துக்கொண்டு தைரியமாகப் போகலாம். பள்ளியில் பயந்துபோனவரை வெல்டர், ஷீட் மெட்டல் போன்ற பிரிவில் சேர்த்து, வெர்னியரையும் டேப்பையும் முதல் வாரமே கையில் கொடுக்கவேண்டும். பயம் தெளிந்தால் ஃபிட்டர் வேலை வரைக்கும் தாமே ஏறுவார். கையில் கணக்கு இருந்து தாளில் தவறியவரைக் கணக்கில்லாத வேலைக்கு அனுப்புவதே தவறு. அவருக்கு நூலும் மாகாணியும் தெரியும். அவற்றிலிருந்து மில்லிமீட்டருக்குப் பாலம் போட ஓர் ஆசிரியர் போதும்.

மூவருக்கும் பொதுவாக ஐந்து கணக்கு தெரிந்தாக வேண்டும்: மணிக்கூலி, இரட்டிப்பு, சதவீதப் பிடித்தம், மொத்தத்திலிருந்து கழித்தல், மாதத்தை நாளாக்குதல். ஐடிஐ வகுப்பில் முக்கோணவியலுக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஜீப்பில் மலை ஏறும் பெண்ணுக்கும், ரயிலில் சென்னை போகும் மகனுக்கும் ஒரே பாடம் போதும்.

கிட்டங்கியில் மாலை ஆனதும் சல்லடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து கூலி வாங்க நிற்கிறார்கள். பகல் முழுக்க மில்லிமீட்டரைச் சல்லடை பார்த்துக்கொண்டது. கையில் விழுந்த நோட்டை மட்டும் அவர்கள், வாய்க்குள் முணுமுணுத்தபடி, இரண்டு முறை எண்ணிப் பார்க்கிறார்கள்.